நான்கு திருகாணித் துளைகள்

வாசக்கால் மெருகேற்றுகிறவன் நான்.
காவேரிப்பட்டணம் முதல் பர்கூர் வரை
எத்தனையோ தலைவாசல்களில் என் வார்னிஷ் மின்னுகிறது.
படகில் கை வைத்ததில்லை.
நீச்சலும் தெரியாது.

"கதவுன்னு நெனச்சுக்க" என்றார் சென்னப்பன்,
பெரியமுத்தூர் மேட்டில், தகரக் கொட்டகையில்
கவிழ்ந்து கிடந்த படகைக் காட்டி.
"இந்தப் பின்பலகையிலதான் எஞ்சின் தொங்கும்.
இது விட்டா எல்லாம் விட்டுச்சு."

பச்சைப் பெயின்ட்டை அனல் காட்டி உரித்தேன்.
அடியில் வேங்கை.
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
ணங், ணங் என்று பதில் சொல்லி வந்த பலகை
ஓரிடத்தில் தொப்பென்றது.
உளிமுனை வைத்தேன்.
டீயில் ஊறிய பிஸ்கட்டுக்குள் போல இறங்கியது.

தண்ணீர் அடியிலிருந்து ஏறவில்லை.
எஞ்சின் போல்ட்டுகளும் குற்றமற்றவை.
பித்தளைத் தகட்டில் மனைவி பெயரை வெட்டி
ஆசையாய் முடுக்கியிருந்தாரே,
அந்த நான்கு திருகாணி வழியாகத்தான்
ஏழு வருடமாய், மூக்குத்தி அளவு துளைகளில்,
அணை உள்ளே குடியேறியிருக்கிறது.

சொன்னேன்.
தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
யசோதா என்றிருந்தது. துணைக்கால் மட்டும் கோணல்.
யசோதா ஓசூரில், கம்பெனி விடுதிச் சமையலில்.
இந்த வார்னிஷ் டப்பாவும் அவள் அனுப்பிய பணம்தான்.

உளுத்ததைத் தோண்டி எறிந்தேன்.
புது வேங்கைத் துண்டைச் செதுக்கிப் பொருத்தி
எபாக்சியில் மரத்தூள் குழைத்து
பல்லிடுக்கு அடைப்பதுபோல் அடைத்தேன்.
ஒரு வாரம் காயவிட்டு உப்புத்தாள் போட்டேன்.

மரத்தின் முகம் மரியாதையாகக் குடிக்கும்.
வெட்டுமுகம் அப்படியில்லை.
கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை அது;
ஊற்ற ஊற்ற இலையைக் காட்டும்.
பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து
மூன்று முறை ஊட்டினேன்.
நாலாவது முறைதான் போதும் என்று
மேலே பளபளப்பை நிறுத்தியது.

பூச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.
மற்ற நாட்களில் பக்கத்துக் கல் பட்டறை
கிரானைட்டை அறுத்துக்கொண்டிருக்கும்;
ஈர வார்னிஷைக் கண்டால் அந்தத் தூளுக்கு
தாய்வீடு கண்டதுபோல்.
விடியுமுன் தரையில் தண்ணீர் தெளிப்பேன்.
பனியனைக் கழற்றிவிட்டு, மூச்சைக் கூடக் குறைத்து,
ரேகை போகும் திசையில் தூரிகை.
மாந்தோப்புக் கொசு ஒன்று
இரண்டாம் பூச்சில் கால் வைத்தது. எடுத்தேன்.
நாலாம் பூச்சில் இன்னொன்று.
அதை எடுக்கப் போனால் தழும்பு விழும். விட்டுவிட்டேன்.
ஐந்தும் ஆறும் அதன்மேல் மூடின.
இறக்கை விரித்தபடி இருக்கிறது.

ஆறாவது ஞாயிறு சாயங்காலம்
தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார்.
நான்கு புதுத் திருகாணி, எஃகு.
"ஓட்டைக்குள்ள பசை நெரப்பிட்டு முடுக்கினா
எறங்காதில்ல?"
எறங்காதுதான். சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் போன். ஸ்பீக்கரில் போட்டார்.
பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.
எல்லாம் கேட்டுவிட்டு யசோதா சொன்னாள்:
"மறுபடி ஓட்டையா? வேணாங்க.
ரேஷன் கார்டுல இருக்குது எம் பேரு, அது போதும்.
அந்த அண்ணங்கிட்ட பாக்கி எவ்வளவுன்னு கேளு."

சென்னப்பன் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.
தகட்டைக் கந்தலில் சுற்றி
ஸ்பானர் பெட்டிக்குள், அடியில் வைத்தார்.
திருகாணிகளை என்னிடம் கொடுத்தார்,
ஏதாவது கதவுக்கு ஆகுமாம்.

ஒன்பது நாள் கழித்து எட்டுப் பேர் தூக்கி
அணைக்கரையில் இறக்கினார்கள்.
எஞ்சின் ஏறியது. பலகை முனகவில்லை.
முதல் அலை வந்து பின்பலகையில் மோதியது;
துளிகள் கொஞ்சம் நின்று, யோசித்து,
பிடி கிடைக்காமல் உருண்டன.
நான் குனிந்து கொசுவைத் தேடினேன்.
இருந்தது.

"வா, ஒரு சுத்து" என்றார்.
செருப்பைக் கழற்றினேன்.
தண்ணீரைப் பார்த்தேன்.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.